கோசுமல்லியா, தயிர்ப் பச்சடியா?

வெயில் காலச் சாப்பாட்டில் அடுப்பில் ஏற்றாத காய்க்கென்று ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் அந்த இடத்துக்கு வழக்கமாக வருபவை மூன்று: பாசிப்பருப்பு சேர்ந்த கோசுமல்லி, தயிர்ப் பச்சடி, எலுமிச்சை பிழிந்த வெங்காயம்-வெள்ளரிக் கலவை. நறுக்கியதை எவ்வளவு நேரத்தில் சாப்பிடப் போகிறார்கள், எதோடு சாப்பிடப் போகிறார்கள் என்பதைப் பார்த்தே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓரளவு வயிற்றை நிரப்பவும் செய்வது கோசுமல்லி. ராமநவமியன்று பானகம், நீர்மோரோடு இதையும் கொடுப்பது வழக்கம். கர்நாடகத்தில் இதன் பெயர் கோசம்பரி. நான்கு பேருக்குக் கால் கப் பாசிப்பருப்பு போதும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறி, நகத்தால் கிள்ளினால் உடையும் பதத்துக்கு வந்ததும் தண்ணீரை ஒட்ட வடிக்க வேண்டும். பொடியாக நறுக்கிய வெள்ளரி அல்லது துருவிய கேரட், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. மாங்காய் கிடைக்கும் பருவத்தில் எலுமிச்சையைவிட மாங்காய்த் துருவலே பொருத்தம். புளிப்போடு கடிபதமும் கிடைக்கிறது.

வெள்ளரியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியேறி, கோசுமல்லி சற்று நேரத்தில் சொதசொதத்துவிடும். அதனால் உப்பும் எலுமிச்சையும் பரிமாறும்போதுதான் சேர வேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்தாக வேண்டுமென்றால் கேரட்டே நல்லது. அது அவ்வளவாக நீர் விடாது.

பிரியாணி, காரமான புலவு போன்றவற்றுக்குத் தயிர்ப் பச்சடிக்கு இணையில்லை. மோர்க்குழம்பு வைத்த நாளில் அது தேவையற்றது. தயிர் கெட்டியாகவும் புதிதாகவும் இருக்க வேண்டும். கோடையில் காலையில் கலந்த பச்சடி மதியத்துக்குள் புளித்துவிடும் என்பதால், காயை நறுக்கித் தனியே வைத்து, குளிர்ந்த தயிரைக் கடைசியில் சேர்ப்பது உத்தமம். முற்றிய வெள்ளரியானால் விதையை வழித்தெடுத்து, துருவிப் பிழிந்துகொள்ளலாம். பிழிந்த நீரை மோரில் விட்டால் வீணாகாது.

சப்பாத்திக்கும் அவசரத்துக்கும் ஏற்றது வெங்காயக் கலவை. நறுக்கிய வெங்காயத்தைச் சில நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டு வடித்தால் நெடி குறையும். தக்காளி கெட்டியாக இருந்தால் மட்டும் சேர்க்கலாம். கனிந்தது ரசத்துக்குப் போகட்டும். மிஞ்சியதை எடுத்துவைக்கும் பழக்கம் இதற்கு ஆகாது.

பொறுமை உள்ளவர்களுக்கு வாழைத்தண்டும் உண்டு. வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, துண்டுகளை மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது. கோசுமல்லி, பச்சடி இரண்டுக்குமே அது ஒத்துப்போகும்.

வெள்ளரி எதில் சேர்ந்தாலும் முதலில் காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். கசப்பு பெரும்பாலும் அங்கேயும் தோலிலும்தான் தங்கும். உள்ளேயும் கசந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிட வேண்டும். எதுவும் வேகாமல் உள்ளே போவதால், காயையும் கொத்தமல்லியையும் மண் போகப் பலமுறை அலசி, கடைசியாக ஒரு முறை குடிநீரில் கழுவுவது அவசியம்.