விளக்குச் சூட்டிலிருந்து வெளிக்கொட்டகைக்கு: வான்கோழிக் குஞ்சுகளை மாற்றும் முறை



ஏரியில் பாடு சரியில்லாத நாட்களில் கைகொடுக்கும் என்று நம் பழவேற்காட்டுப் பகுதியில் வான்கோழி வளர்க்க முன்வரும் குடும்பங்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம். முதல் மாதம் எல்லோரும் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். குஞ்சு தேறியதும், ஒரே நாளில் விளக்கை எடுத்துவிட்டு முற்றத்தில் விட்டுவிடுகிறார்கள். அன்றிரவு குளிர்காற்றோ மழையோ வந்தால், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். ஒரு மாதத் தீவனமும் உழைப்பும் ஒரே இரவில் போய்விடும். வெளிக்கொட்டகைக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை. சில வாரங்கள் நிதானமாகச் செய்ய வேண்டியது.

எப்போது மாற்றலாம்?

முதல் வாரம் விளக்கின் கீழ் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து, நான்காம் வாரம் 80-க்குக் கொண்டுவருகிறோம். அதன்பின் பகலில் விளக்கை அணைத்துவிடலாம். இரவில் மட்டும் எரியட்டும். குஞ்சுகள் பரவிப் படுத்திருந்தால் சூடு சரி. ஒரு மூலையில் குவிந்து கத்தினால் குளிர்கிறது என்று பொருள்.

ஆறாம் வாரம் முதல், வெயில் ஏறிப் பனி காய்ந்தபின் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். எட்டு வாரம் ஆகி, முதுகிலும் மார்பிலும் இறகு மூடி, விளக்கில்லாமல் மூன்று நான்கு இரவு நிம்மதியாகத் தூங்கிய பிறகே இரவிலும் வெளிக்கொட்டகையில் விடலாம்.

நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஜூலைக்குள் வாங்கிய ஒரு நாள் குஞ்சு, செப்டம்பர் கடைசியில் எட்டு வாரம் கடந்திருக்கும். மழைக்கு முன் வெளிக்குப் பழகிவிடும். செப்டம்பரில் வாங்கினால் மழைக்காலம் முழுவதும் கூரையடியில் வைத்துக்கொள்ளத் தயாராக இருங்கள்.

சென்னை நந்தனத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி 1', நாட்டுக் கறுப்பு வான்கோழியும் பெல்ட்ஸ்வில் வெள்ளை இனமும் கலந்தது. நம் தட்பவெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதன் குஞ்சுக்கும் இந்த நிதானம் வேண்டும்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

ஐந்தாம் வாரம் முதல் பதினாறாம் வாரம் வரை ஒரு பறவைக்கு இரண்டரை சதுர அடி இடம் வேண்டும். பத்துப் பறவைக்கு ஐந்துக்கு ஐந்தடி போதும். வளர வளர இடத்தைக் கூட்ட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையை நாம் பார்த்தோம். அதனால் தரையை மண் கொட்டி உயர்த்தி, அதன்மேல் காய்ந்த உமியோ மரத்தூளோ பரப்புங்கள். நனைந்த கூளத்தை அன்றே மாற்றுங்கள். மூலைகளில் அட்டையை வளைத்து வைத்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து நெரியாது.

நாய், கீரி, பெருச்சாளி வராதபடி பக்கங்களில் கம்பிவலை அடியுங்கள். காக்கை, பருந்துக்கு மேலே பழைய மீன்வலை கட்டலாம். ஆனால் கிழிந்து தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள், காலில் சுற்றிக்கொள்ளும்.

உப்பில் கவனம்

இது நம் ஊருக்கே உரிய ஆபத்து. வான்கோழிக் குஞ்சு உப்பைத் தாங்காது. உவர்நீர்க் கிணற்றுத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ வைக்காதீர்கள். நாம் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள். உப்புக் கருவாட்டுத் தூள், மீன் குழம்பு கலந்த மிச்சச் சோறு போடாதீர்கள். வெளியே விட்டபின் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழியோடு சேர்க்காதீர்கள்

நாட்டுக்கோழி உலவிய மண்ணில் கருந்தலை நோய்க் கிருமி இருக்கலாம். குடற்புழு முட்டைக்குள் அது நெடுங்காலம் உயிரோடு இருக்கும். கோழி அதைச் சுமந்துகொண்டே நன்றாக இருக்கும். வான்கோழிக்கு அது உயிர்க்கொல்லி. மஞ்சள் நிறத்தில் கழிந்தால் அந்தப் பறவையை உடனே பிரித்து, மருத்துவரிடம் காட்டுங்கள். வான்கோழிக்குக் கோழி போகாத தனி இடம் ஒதுக்குங்கள்.

ஏரிக்கு வலசை வரும் பறவைகளின் எச்சம் தீவனத்தில் விழக் கூடாது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. தீவனமும் தண்ணீரும் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும். திடீரென்று பல பறவைகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல், அறுத்துச் சமைக்காமல், கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

தடுப்பூசி

முதல் நாளும் ஆறாம் வாரமும் வெள்ளைக்கழிச்சலுக்கும், நான்கு ஐந்து வாரத்தில் அம்மைக்கும், எட்டு முதல் பத்து வாரத்தில் காலராவுக்கும் தடுப்பூசி போடுவது வழக்கம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அன்றே இடம் மாற்ற வேண்டாம். இரண்டு அதிர்ச்சியைக் குஞ்சு ஒரே நாளில் தாங்காது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண்ணின் கதி என்ன ஆனது என்று நபிமொழி வழியாக நாம் அறிவோம். வலைக்குள் அடைத்த குஞ்சும் தன் தண்ணீரையும் நிழலையும் தானே தேடிக்கொள்ள முடியாது. அது நம்மிடம் உள்ள அமானிதம். இன்றிரவு படுக்கும் முன் ஒருமுறை கொட்டகைக்குப் போய், குஞ்சுகள் பரவிப் படுத்திருக்கின்றனவா, கூளம் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் உழைப்பு வீண்போகாது.