‘கான்’ ஃபோல்டரும் காலாவதியான வேலிகளும்

‘வாடகை ரசீது 12/3’ என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கப் போனால் விண்டோஸ் மறுக்கும். ‘யார் இவர்?’ என்றாலும் மறுக்கும். பல ஆண்டுகளாக இதற்குப் பழகிப்போன நாம் காரணம் கேட்பதை விட்டுவிட்டோம். காரணம் இருந்த இடத்தில் கதைகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

நம்பிக்கை: விண்டோஸில் ‘கான்’ என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது. இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். ஏன் என்று பில் கேட்ஸுக்கே தெரியவில்லை.

உண்மை: இதில் முதல் வரி மட்டும் சரி. மின்னஞ்சல் ஃபார்வர்டாகக் கிளம்பிய கதை இது. ஓர் இந்தியர் பில் கேட்ஸை மடக்கிவிட்டார் என்றால் நமக்கு இனிக்கத்தானே செய்யும்! ஆனால் இதில் மர்மம் எதுவும் இல்லை. சி, ஓ, என் என்ற மூன்று எழுத்துகள் ‘கன்சோல்’ என்பதன் சுருக்கம். கீபோர்டும் திரையும் சேர்ந்ததுதான் கன்சோல். 1970-களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளத்திலேயே சாதனங்களுக்கு இப்படிச் சுருக்கப் பெயர்கள் உண்டு. விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் அவற்றை எடுத்துக்கொண்டு, சாதனத்தையும் ஒரு ஃபைலைப் போலவே கையாள விட்டது. பிரிண்டருக்கு பி.ஆர்.என். என்று பெயர். ஒரு ஃபைலை அந்தப் பெயருக்கு ‘காப்பி’ செய்தால் காகிதத்தில் அச்சாகி வரும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் படித்தவர்களுக்கு ‘காப்பி கான்’ கட்டளை மறந்திருக்காது. கீபோர்டில் அடிப்பதெல்லாம் ஃபைலாகும், முடிக்க கன்ட்ரோல்-இசட். அந்தக் கான்தான் இந்தக் கான்.

சரி, அதற்காக எந்த ஃபோல்டருக்குள் போனாலும் அந்தப் பெயருக்குத் தடை எதற்கு? 1981-இல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே கிடையாது. எல்லா ஃபைல்களும் ஒரே தட்டில் கிடந்தன. சாதனப் பெயர்களும் அங்கேயே இருந்தன. 1983-இல் இரண்டாம் பதிப்பு ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, சாதனங்களை ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள் வைத்திருந்தால், பிரிண்டரை வெறும் பெயரால் கூப்பிட்டுப் பழகிய பழைய புரோகிராம்கள் நின்றுபோயிருக்கும். அதனால் எந்த ஃபோல்டரில் இருந்து கூப்பிட்டாலும் சாதனம் குரல் கொடுக்கும் என்று வைத்துவிட்டார்கள். விளைவு, எந்த ஃபோல்டரிலும் அந்தப் பெயர் நமக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் ‘கான்\கான்’ என்ற முகவரியைத் திறக்கச் சொன்னாலே கணினி நீலத் திரை காட்டிப் படுத்துவிடும். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2000-இல் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. காரணம் தெரியாத நிறுவனம் செய்கிற வேலையா அது?

நம்பிக்கை: எட்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது என்பது மைக்ரோசாஃப்டின் முட்டாள்தனம். விண்டோஸ் 95 அதை ஒழித்துக்கட்டிவிட்டது.

உண்மை: இரண்டு பாதியும் தவறு. பெயருக்கு எட்டு, வகைக்கு மூன்று என்ற கணக்கும் சிபி/எம் கொடுத்ததே. டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய 86-டாஸ்தான் பிறகு எம்எஸ்-டாஸ் ஆனது. சிபி/எம் புரோகிராம்களைச் சிரமமில்லாமல் இதற்கு மாற்ற முடிய வேண்டும் என்பதால் அவர் அதே கணக்கைப் பின்பற்றினார். ஐபிஎம் பிசியின் முதல் ஃபிளாப்பி கொள்ளளவு 160 கிலோபைட். அதில் 64 ஃபைல்களுக்குத்தான் பதிவிடம். ஒவ்வொரு பதிவும் 32 பைட். அதில் 11 பைட் பெயருக்கு. நடுவில் வரும் புள்ளியைக்கூட எழுதிவைக்காமல் மிச்சம் பிடித்தார்கள். அந்த நெருக்கடியில் எட்டெழுத்து என்பது கஞ்சத்தனமே அல்ல. ஆனால் யூனிக்ஸின் பெர்க்லி பதிப்பு 14 எழுத்து வரம்பை 1983-இலேயே 255 ஆக்கிவிட்டது. ஆப்பிள் மெக்கின்டாஷ் எண்பதுகளிலேயே 31 எழுத்து தந்தது. ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் 1995 வரை உலகத்தின் பெரும்பாலான பிசிக்கள் எட்டெழுத்தில் திணறியதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

விண்டோஸ் 95 அந்த வரம்பை ஒழிக்கவில்லை, மறைத்தது. நீளமான பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கி, பக்கத்துப் பதிவிடங்களில் ஒளித்து வைத்தது. பழைய புரோகிராம்கள் அவற்றைத் தொடாமல் இருக்க, ‘டிஸ்கின் பெயர்’ என்று பொய் முத்திரையும் குத்தியது. கூடவே டாஸுக்காக ‘புரோகிரா~1’ மாதிரி ஒரு குட்டைப் பெயரையும் சூட்டியது. கெட்டிக்காரத்தனமான ஏமாற்று வேலை. இன்றைய பென் டிரைவுகளில் பழைய ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டவற்றில் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நம்பிக்கை: சிறப்புக் குறிகள் டிஸ்கைக் கெடுத்துவிடும்.

உண்மை: எதையும் கெடுக்காது. தடை செய்யப்பட்ட ஒன்பது குறிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் டாஸ் கட்டளை வரியில் வேறு வேலை இருந்தது. உடுக்குறியும் கேள்விக்குறியும் ‘எந்த எழுத்தானாலும் சரி’ என்பதற்கு. முக்காற்புள்ளி டிரைவ் எழுத்தை அடுத்து வர. லினக்ஸில் சாய்கோடு ஒன்றும், கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய பைட் ஒன்றும் தவிர எதையும் பெயரில் வைக்கலாம். அங்கே ‘யார் இவர்?’ என்று வைத்த ஃபைலை பென் டிரைவில் போடும்போதுதான் தகராறு வரும்.

நம்பிக்கை: ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் டிஸ்க் தாங்காது.

உண்மை: டிஸ்க் தாங்கும். 1993 முதல் இருக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் முறையில் ஏறத்தாழ 32,767 எழுத்து வரை முகவரி போகலாம். 260 என்பது விண்டோஸ் புரோகிராம்கள் முகவரிக்காக ஒதுக்கிய இடம்: டிரைவைக் குறிக்க 3, நமக்கு 256, முடிவைக் குறிக்க 1. விண்டோஸ் 10-இன் 2016 பதிப்பு முதல் இந்த வரம்பைத் தளர்த்தலாம். ஆனால் கணினியில் அந்த அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது, புரோகிராமும் ‘நான் தயார்’ என்று அறிவித்திருக்க வேண்டும். அதுவரை, அழிக்கவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் ஒரு ஃபைல் அடியாழத்தில் மாட்டிக்கொண்டால், மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்குங்கள். வழிவிடும்.

நம்பிக்கை: தமிழில் பெயர் வைத்தால் ஃபைல் திறக்காது. ஆங்கிலமே பாதுகாப்பு.

உண்மை: இது தமிழ் ஃபான்டுகள் ஆளுக்கொரு குறியீட்டில் கிடந்த காலத்துப் பயம். யூனிகோட் 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. என்டிஎஃப்எஸ் பெயர்களை யூனிகோடில்தான் எழுதுகிறது. விண்டோஸ் 95-இன் நீளப் பெயர்களும் அப்படியே. திரையில் தமிழைக் காட்டத் தெரியாத அந்த விண்டோஸ், டிஸ்கில் தமிழுக்கு இடம் வைத்திருந்தது!

ஆனால் தமிழுக்கென்றே ஒரு மறைமுக வரி உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விண்டோஸ் அனுமதிக்கும் 255 என்பது எழுத்துக்குறிகளின் எண்ணிக்கை. லினக்ஸும் ஆண்ட்ராய்டு போன்களின் உள்நினைவகமும் சொல்லும் 255 பைட் கணக்கு. அவற்றில் பெயர்கள் எழுதப்படும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. இதில் ‘க’ ஒரு குறி. ‘கி’ இரண்டு குறி. புள்ளி வைத்த ‘க்’ என்பதும் இரண்டு. ஆக, ‘க’ போன்ற அகர உயிர்மெய் தவிர மற்ற உயிர்மெய்யும் மெய்யும் ஆளுக்கு ஆறு பைட் தின்னும். ‘ஸ்ரீ’ பன்னிரண்டு பைட். ‘தீபாவளி மலர் கட்டுரை இறுதி வடிவம்’ என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவது 18 எழுத்தும் 4 இடைவெளியும்தான். பைட் கணக்கில் அது 91. இதே போக்கில் போனால் ஐம்பது எழுத்துச் சொச்சத்தில் கதவு மூடிவிடும். ஆங்கிலக்காரருக்கோ 255 எழுத்தும் முழுசாக உண்டு. செய்திக் கட்டுரையை முழுத் தலைப்போடு சேமிக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று போன் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுதான். விண்டோஸில் சிக்கலின்றி இருந்த ஃபைல் போனில் ஏற மறுப்பதற்கும் இதே காரணம்.

இன்னொன்றும் உண்டு. ‘கொலு’ என்ற சொல்லின் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதிவைக்கலாம்: ககரமும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது ககரம், எகரக் கொம்பு, பின்னால் ஒரு கால். திரையில் இரண்டும் ஒன்றே. 1998-இல் வந்த ஆப்பிளின் எச்எஃப்எஸ்-பிளஸ் ஃபைல் முறை எல்லாவற்றையும் இரண்டாவது விதமாகப் பிரித்தே வைத்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும். எனவே ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கொலு’ படங்கள் அருகருகே நிற்கலாம். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஜிப் செய்து அனுப்பிய தமிழ்ப் பெயர் கிறுக்கலாகப் போய்ச் சேர்வது வேறு கதை. 1989-இல் பிறந்த ஜிப் முறையில் பெயர்கள் பழைய ஐபிஎம் எழுத்துத் தொகுதியில் இருந்தன. ‘இது யூடிஎஃப்-8’ என்று குறிக்கும் வசதி 2006-இல்தான் சேர்ந்தது, அதை மதிக்காத மென்பொருள்களும் உண்டு.

நம்பிக்கை: இணைய விண்ணப்பங்களில் ‘ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்’ என்று கேட்பது தொழில்நுட்பக் கட்டாயம்.

உண்மை: கட்டாயம் அல்ல, சோம்பல். இதற்குப் பின்னால் நியாயமான பயம் ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. புள்ளியும் சாய்கோடும் கலந்த பெயரை அனுப்பி, சர்வரில் வேறு ஃபோல்டருக்குள் நுழையப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து, பயனர் வைத்த பெயரில் ஃபைலைச் சேமிக்காமல் இருப்பது. வந்த ஃபைலுக்கு சர்வரே ஓர் எண்ணைக் கொடுத்து அந்த எண்ணில் வைத்துக்கொள்ளும். நாம் வைத்த பெயர் தரவுத்தளத்தில் சாதாரண வாசகமாகக் கிடக்கும், திரும்ப இறக்கும்போது அதுவே ஒட்டிக்கொண்டு வரும். சாதிச் சான்றிதழை ‘சான்றிதழ் (புதியது)’ என்று ஏற்றினால் ‘தவறான ஃபைல்’ என்று துப்புகிற தளத்தில், தவறு ஃபைலில் இல்லை. தளத்தை எழுதியவர் இந்த வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.