மலையில் இருக்கும்போதே தயாராகுங்கள்: லிவ்அபோர்டு டைவிங் படகில் வேலை

ஒரு வாரம் வரை துறைமுகம் திரும்பாமல் கடலிலேயே சுற்றும் டைவிங் படகுகளுக்கு லிவ்அபோர்டு என்று பெயர். மாலத்தீவில் சஃபாரி படகு என்கிறார்கள். பயணிகள் அதிலேயே உண்டு உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை சிலிண்டர் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் போய் வருவார்கள். அவர்களுக்குச் சமைக்க, சிலிண்டர் நிரப்ப, என்ஜின் பார்க்க, கூடவே குதித்து வழிகாட்ட ஆட்கள் வேண்டும். மாலத்தீவு, தாய்லாந்து, இந்தோனேசியா, எகிப்து என இந்தப் படகுகள் ஓடும் இடங்களில் எல்லாம் அந்த வேலைகள் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ முடித்தவருக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆனால் கடலோரப் பிள்ளைகளுக்கு வளரும்போதே வந்துவிடும் சில பழக்கங்கள் மலைப் பிள்ளைகளுக்கு வருவதில்லை. அவற்றைப் படகில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

முதலில், எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். டைவிங் படகு என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது, பயணிகளுடன் குதித்து வழிகாட்டும் டைவ்மாஸ்டர் வேலைதான். பாடி என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி அதற்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். பயிற்சியைத் தொடங்கவே 40 டைவ், சான்றிதழ் பெற 60 டைவ் முடித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ என்று மூன்று படிகள். மொத்தச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். வட்டிக்கு வாங்கியோ நிலத்தை அடகு வைத்தோ இந்தப் பணத்தைப் புரட்டாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. சான்றிதழ் கையில் இருந்தாலும் அனுபவம் இல்லாத டைவ்மாஸ்டருக்கு முதல் ஆண்டில் நல்ல சம்பளம் அமைவது கடினம்.

அதைவிட நல்ல வாசல் ஒன்று உண்டு. படகின் உயிர்நாடி காற்று கம்ப்ரசர். டைவ் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. ஃபில்டர் மாற்றத் தவறினாலோ, கம்ப்ரசர் காற்று இழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில் என்ஜின் புகை வந்தாலோ, அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்துவிடும். அதற்கு மணம் கிடையாது. ஆழத்தில் சுவாசிப்பவர் மயங்கிப்போவார். ஆகவே பொறுப்பான கம்ப்ரசர் ஆளை எந்தப் படகு முதலாளியும் எளிதில் விடமாட்டார். டீசல் மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக் படித்தவர்கள் இந்த வழியாக உள்ளே போகலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே, படகின் பயிற்சியாளரிடம் டைவ் சான்றிதழையும் படிப்படியாக எடுக்கலாம். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சமையல் தெரிந்தவர்களுக்கும் இதே வழிதான்.

எந்த வேலையானாலும் நீச்சல் கட்டாயம். ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் நீரில் மிதந்து காட்ட வேண்டும். டைவ்மாஸ்டர் என்றால் 400 மீட்டர் நீச்சல், 15 நிமிடம் மிதத்தல், களைத்துப்போன ஒருவரை 100 மீட்டர் இழுத்துவருதல் எல்லாம் உண்டு. கிணற்றில் குதித்து நீந்தத் தெரிந்தவர்கள் மலையில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பழக்கம் குறுகிய தூரத்துக்கானது. நிறுத்தாமல் அரைமணி நேரம் நீந்தும் மூச்சு அதில் வராது. பீமன் அருவித் தடாகத்தில் பழகவே வேண்டாம். வழுக்குப் பாறையும் தெரியாத ஆழமும் உள்ள இடம் பயிற்சிக்கு உதவாது. உறவினர் வீட்டில் தங்கியாவது, பாதுகாவலர் உள்ள நகரத்து நீச்சல்குளத்தில் இரண்டு மூன்று மாதம் பழகுங்கள்.

அடுத்தது காது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குப் பஸ்ஸில் இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறப்பது எல்லோருக்கும் பழகியது. அந்த 600 மீட்டர் இறக்கம் முழுவதும் உங்கள் காதில் கூட்டும் அழுத்தம், தண்ணீரில் முக்கால் மீட்டருக்கும் குறைவாக மூழ்கினால் ஏற்படும் அளவுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் மொத்த அழுத்தமே இரட்டிப்பாகிவிடும். ஆகவே வலி வரும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாகக் காற்றைத் தள்ளிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். சளி இருந்தால் இறங்கவே கூடாது. ஆஸ்துமா, பழைய காசநோய், வலிப்பு, காதில் ஓட்டை, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வேலை போய்விடும் என்று பயந்து மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்பவர்கள் உண்டு. நுரையீரலில் பழைய தழும்பு இருப்பவருக்கு, மேலே வரும்போது காற்று ஓரிடத்தில் சிக்கி நுரையீரலையே கிழித்துவிடக்கூடும்.

முதல் டைவை நேராக லிவ்அபோர்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். போளூர், திருவண்ணாமலை வழியாகப் போனால் ஒரே பகலில் புதுச்சேரி. அங்கே டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் போன்ற டைவிங் பள்ளிகள் இருக்கின்றன. அந்தமானில் சுவராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக், முழுக்க டைவிங்கை நம்பி வாழும் ஊர். கடல் ஒத்துக்கொள்கிறதா, படகு ஆட்டத்தில் வாந்தி வருகிறதா என்று முதலில் அங்கே போய்ப் பார்த்துவிடுங்கள். குமட்டலுக்கு மாத்திரை உண்டு. சிலருக்கு அது தூக்கத்தைக் கொடுக்கும் என்பதால் கரையில் ஒருநாள் போட்டுப் பார்த்த பிறகே படகில் பயன்படுத்த வேண்டும்.

இப்போது காகிதங்கள். இதில் நிதானம் வேண்டும்.

ஏஜென்ட் சொன்னதை நம்பி பஸ் ஏறுவது இந்த மலைக்கு ஆறாத காயம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, போலீஸ் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கே போகிறோம், யாரிடம் வேலை செய்யப்போகிறோம், என்ன ஆபத்து என்று தெரியாமல் ஒரு இளைஞர்கூட இனி இந்த மலையை விட்டு இறங்கக்கூடாது. வெளிநாட்டு வேலை என்றாலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர் என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பத்தாவது தேறியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. தேறாதவர்கள் தனித்தேர்வு எழுதிவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

மாலத்தீவுக்கு இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். இந்த வசதியைக் காட்டித்தான் ஏமாற்றுவார்கள்: “முதலில் டூரிஸ்டாக வா, பர்மிட் அப்புறம் போட்டுக்கலாம்.” ஒப்புக்கொள்ளாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லவும் வாய் இருக்காது. வேலை அனுமதி கையில் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதையும் பெட்டி அடுக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் சேரும் முன் முதலாளியிடமோ கேப்டனிடமோ கேட்க வேண்டிய கேள்விகளில் சம்பளத்துக்கும் முன்னால் நிற்பது ஒன்று: ராத்திரி யார் விழித்திருப்பார்கள்? 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நின்றிருந்த கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 33 பயணிகளும் ஒரு ஊழியரும் இறந்தார்கள். சுற்றிவந்து பார்க்க இரவுக் காவல் ஆள் யாரும் நியமிக்கப்படவில்லை. கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தும், இரண்டுமே தீ எரிந்துகொண்டிருந்த அதே கூடத்தில்தான் போய்ச் சேர்ந்தன. கேப்டனுக்கு 2024-இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆகவே நீங்கள் தூங்கப்போகும் அறையிலிருந்து வெளியேற இரண்டு தனித்தனி வழிகள் உண்டா என்று முதல் நாளே நடந்து பாருங்கள். லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், ஆக்சிஜன் பெட்டி இருக்கும் இடங்களை விளக்கில்லாமல் போய் எடுக்கும் அளவுக்குப் பழகுங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளை யாரும் பார்க்காத நேரத்தில் இரவெல்லாம் சார்ஜில் விடக்கூடாது. பயணி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆள் எண்ணிக்கையும் அப்படித்தான். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில், எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் ஒரு அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்தே யாரோ கவனித்தார்கள். அவர்கள் கிடைக்கவே இல்லை. தலையை எண்ணுவது போதாது. பட்டியலை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் நேரில் பதில் சொன்ன பிறகே நங்கூரம் எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் இந்த ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்தாலே கேப்டனின் நம்பிக்கை வந்துவிடும்.

கடலின் சட்டங்களையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 30 மீட்டர். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் சிலிண்டருடன் இறங்கவே கூடாது, ஸ்நார்க்கலிங் மட்டும்தான். இந்தியக் கடலில் பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. மலையில் ஒரு சந்தனக் கட்டை கையில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டாலும் அதே கதைதான்.

சாமான்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். படகு அறையில் பெட்டி வைக்க இடம் இருக்காது, மடிக்கக்கூடிய துணிப்பை போதும். சொந்தமாக வாங்க வேண்டிய முதல் பொருள் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க். இரண்டாவது டைவ் கம்ப்யூட்டர், பழையதானாலும் பரவாயில்லை. மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி ஜாக்கெட் எல்லாம் படகில் கொடுப்பார்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் டைவிங் காப்பீடு போன்ற ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரண மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். டைவிங்கால் வரும் நோய்க்கு அழுத்த அறையில் தரும் சிகிச்சைக்குச் செலவு மிக அதிகம்.

மலைக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு விதி மிச்சமிருக்கிறது. சமவெளிக்காரர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இது எளிதில் கண்ணில் படாது. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் டைவுக்குப் பிறகு விமானம் ஏறும் முன் ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே தொடங்குகிறது. இந்த மலையில் வைணு பாப்பு தொலைநோக்கியகம் இருக்கும் காவலூரின் உயரமே 725 மீட்டர். புதுச்சேரியிலோ ராமேஸ்வரத்திலோ மதியம் வரை டைவ் செய்துவிட்டு அன்றிரவே ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடிப்பவர், தெரியாமலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். மாலத்தீவிலிருந்து காத்திருந்து விமானத்தில் வந்தவருக்கு இந்தக் கவலை இல்லை. கரையோரத்தில் டைவ் செய்துவிட்டு நேராக மலையேறுபவருக்குத்தான் ஆபத்து. ஒருநாள் கீழேயே தங்குங்கள். முழுதாக 24 மணி நேரம் கழித்து ஏறினால் இன்னும் நல்லது.

அப்படியும் ஊருக்கு வந்த பிறகு தோளிலோ முழங்காலிலோ வலி, கை கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், தோலில் திட்டு, இதற்கு முன் கண்டிராத களைப்பு வந்தால், வேலை செய்த அலுப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். இந்தக் குமிழ் நோய்க்கு மருந்து ஆக்சிஜனும் அழுத்த அறையும்தான். 108-ஐ அழைத்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், உங்கள் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “கடலில் சிலிண்டர் போட்டு டைவ் செய்தேன், இத்தனை மணிக்கு மேலே வந்தேன், ஆக்சிஜன் வையுங்கள்.”