ஹெல்த் வெப்சைட்ல வீடியோ ஓடலையா? பதறாதே, அக்கா சொல்றதைச் செய்!

இன்சுலின் ஊசியை எங்கே, எப்படிப் போடணும், முட்டி வலிக்கு எந்தப் பயிற்சி செய்யணும், ஆஞ்சியோ எப்படிப் பண்ணுவாங்கன்னு எல்லாத்தையும் டாக்டர் ரூம்ல நிக்கிற கொஞ்ச நேரத்துல கேட்டுப் புரிஞ்சுக்க யாராலயும் முடியாது. அசையும் படம், வீடியோ, கேள்வி பதில்னு வச்சு விளக்குற ஹெல்த் வெப்சைட் அங்கதான் கை கொடுக்குது. அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம் 1998-லிருந்து நடத்துற மெட்லைன்பிளஸ்ல காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது.

ஆனா நீ என்ன பண்ற? லிங்க்கைத் தட்டுற. திரை வெள்ளையா நிக்குது, இல்லேன்னா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. உடனே "இதெல்லாம் நமக்கு வராது"ன்னு மூடிடற. அப்படி மூடக் கூடாது. பெரும்பாலும் போன்லயோ பிரௌசர்லயோ இருக்கிற ஒரு சின்ன செட்டிங்தான் காரணம். கீழே சொல்றதை ஒவ்வொண்ணா பாரு.

1. வந்த இடத்துலயே பார்க்காதே

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல வந்த லிங்க்கைத் தட்டினா, அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரௌசர் திறக்கும். அதுல பல படங்கள் பாதியில நின்னுடும். மேல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டு, குரோம் மாதிரி முழு பிரௌசர்ல திறக்கச் சொல்லு. பல பேருக்கு இங்கேயே வேலை முடிஞ்சுடும்.

2. பிரௌசரை அப்டேட் பண்ணு

"அப்புறம் பண்ணிக்கலாம்"னு மாசக் கணக்கா தள்ளிப் போடாதே. புது வெப்சைட்டைப் பழைய பிரௌசரால படிக்க முடியாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மைக்ரோசாஃப்டே 2022 ஜூன்ல நிறுத்திடுச்சு, அதுல இன்னும் முட்டி மோதாதே. வீட்ல விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தா, 2023 பிப்ரவரிக்கு அப்புறம் வந்த குரோம் அதுல ஏறாது. அந்தக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டாம போன்லயே பார்த்துடு.

3. "ஃபிளாஷ் பிளேயர் போடு"ன்னு கேட்டா வெளியே வந்துடு

இதை நல்லா மனசுல வாங்கிக்கோ. ஒரு காலத்துல இந்த மாதிரி விளக்கப் படம் எல்லாம் ஃபிளாஷ்லதான் ஓடுச்சு. 2020 டிசம்பர் 31-ஓட அடோபி அதை நிறுத்திடுச்சு, 2021 ஜனவரி 12-லிருந்து ஃபிளாஷ்ல எதுவுமே ஓடாதபடி தடுத்தும் வச்சுட்டாங்க. இப்ப நல்ல வெப்சைட் எல்லாம் எதையும் தனியா இன்ஸ்டால் பண்ணாமலே பிரௌசர்லயே ஓடும்.

- "ஃபிளாஷை அப்டேட் செய்யுங்கள்"னு இன்னைக்கு ஒரு பெட்டி வந்தா அது வைரஸ் இறக்குற வழி. தொடவே தொடாதே.
- "வீடியோ பார்க்க இந்த ஆப்பை இறக்குங்கள்"னு வந்தாலும் அப்படியே மூடு.
- பழைய பக்கம் ஃபிளாஷ்லயே நின்னுபோயிருந்தா அதை விட்டுட்டு, அதே விஷயத்துக்குப் புதுப் பக்கம் தேடு.

4. ஓடலைன்னா இந்த வரிசையில செய்

கண்டபடி எல்லா பட்டனையும் அழுத்தாதே. ஒண்ணு பண்ணிப் பாரு, சரியாகலைன்னா அடுத்ததுக்குப் போ.

- பக்கத்தை ரீலோட் பண்ணு. கம்ப்யூட்டர்னா கன்ட்ரோலோட எஃப்5 சேர்த்து அழுத்து, பழைய நகலை விட்டுட்டுப் புதுசா எடுத்துவரும்.
- இன்காக்னிட்டோ ஜன்னல்ல திறந்து பாரு. அதுல ஓடினா நெட் நல்லா இருக்கு, வெப்சைட்டும் நல்லா இருக்குன்னு அர்த்தம். விளம்பரத் தடுப்பானோ பழைய குக்கியோதான் தடுக்குது. அந்த ஒரு வெப்சைட்டுக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வை.
- அப்பவும் இல்லைன்னா கேஷை, அதாவது பிரௌசர் சேமிச்சு வச்சிருக்கிற பழைய நகலை, அழி. அழிக்கும்போது "பாஸ்வேர்ட்"னு இருக்கிற கட்டத்துல டிக் இருக்கான்னு பார்த்து எடுத்துடு. அதையும் சேர்த்து அழிச்சுட்டு அப்புறம் பேங்க் லாகின் போச்சுன்னு தவிக்காதே.
- "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல"ன்னு எச்சரிக்கை வந்தா முதல்ல தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு பாரு. பழைய கம்ப்யூட்டர்ல உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போனா தேதி பல வருஷம் பின்னால போயிடும். தேதி சரியா இருந்தும் எச்சரிக்கை வந்தா, மீறி உள்ளே போகாதே.

5. படம் ஓடுது, சத்தம் இல்லையா?

சத்தத்தோட தானா ஓடுற வீடியோவை குரோம் 2018-லிருந்து தடுக்குது. அதனால பல வீடியோ ஊமையாத்தான் ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் படத்தை ஒரு தடவை தட்டு. அப்புறம் புளூடூத்தைப் பாரு. அடுத்த ரூம்ல இருக்கிற ஹெட்செட்ல சத்தம் போய்க்கிட்டிருக்கும். ஐபோனை சைலன்ட்ல போட்டிருந்தாலும் சில விளக்கப் படம் பேசாது.

6. பட்டனை அழுத்தினா ஒண்ணுமே நடக்கலையா?

- சில பாடம் தனி ஜன்னல்ல திறக்கும். பிரௌசர் அதை பாப்-அப்னு தடுத்திருக்கும். அந்த வெப்சைட்டுக்கு மட்டும் அனுமதி கொடு, எல்லாத்துக்கும் கொடுக்காதே.
- போனைப் படுக்க வச்சுப் பிடி. நிறைய படம் அகலத் திரைக்குன்னே செஞ்சது, நேரா பிடிச்சா "அடுத்து" பட்டன் திரைக்கு வெளியே போயிடும்.
- பேட்டரி சேமிப்பு, டேட்டா சேமிப்பு ரெண்டையும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணு.
- இதயத்தையோ மூட்டையோ சுத்திச் சுத்திப் பார்க்கிற 3டி படம் கம்ப்யூட்டர்ல கறுப்பா நின்னா, குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனை ஆன் பண்ணு.

7. டேட்டாவை வீணடிக்காதே

விளக்கம் கேட்கிற வீடியோவுக்கு 360பி தரமே போதும், நின்னு நின்னு ஓடுறதும் குறையும். ஊசி போடுற விதம், கட்டுப் பிரிக்கிற விதம் மாதிரி கையைக் கவனிக்க வேண்டிய வீடியோவை மட்டும் கூடுதல் தரத்துல வை. அதே விஷயம் எழுத்துலயோ பி.டி.எஃப்-லயோ இருக்கான்னும் பாரு. சேமிச்சு வச்சுக்கிட்டா நெட் இல்லாதப்பவும் படிக்கலாம், பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டலாம்.

8. அம்மா அப்பாவுக்குக் காட்டுறியா?

- எழுத்தைப் பெருசாக்கு. கம்ப்யூட்டர்ல கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தினா போதும்.
- வேகத்தை 0.75-க்குக் குறை. அவங்க அதைக் கேட்டுக்கிட்டே செஞ்சு பார்க்கணும்.
- பயிற்சி வீடியோவை டிவிக்கு காஸ்ட் பண்ணு. சின்னப் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு முட்டியை மடக்கச் சொல்லாதே, விழுந்துடுவாங்க.

9. தமிழ்ல மாத்தினா கவனமா இரு

பக்கத்தைத் தமிழ்ல மாத்திப் படிக்கிற வசதி நல்லதுதான். ஆனா சில கேள்வி பதில் பட்டன் அதுல வேலை செய்யாம போகும். அப்ப பழைய மொழிக்கே திருப்பிட்டு அழுத்து. வீடியோல தானா வர்ற தமிழ் எழுத்துல பிழை நிறைய இருக்கும். மருந்து பேரு, அளவு, "சாப்பாட்டுக்கு முன்", "பின்" இதையெல்லாம் மெஷின் மொழிபெயர்ப்பை நம்பி முடிவு பண்ணவே பண்ணாதே. டாக்டர் சீட்டுல என்ன இருக்கோ அதுதான்.

10. கேட்கிற அனுமதிக்கெல்லாம் "சரி" சொல்லாதே

படம் காட்டுற வெப்சைட்டுக்கு உன் கேமராவும் காண்டாக்ட் லிஸ்ட்டும் எதுக்கு? "வேண்டாம்"னு சொல்லு. மத்திய அரசோட இ-சஞ்சீவனி மாதிரி டாக்டரோட வீடியோல பேசுற சேவைக்குத்தான் கேமரா, மைக் தேவை. அங்கே மறுத்துட்டு "டாக்டர் முகம் தெரியலை"ன்னு உட்காராதே. ஓ.டி.பி-யை மட்டும் யார் போன்ல கேட்டாலும் சொல்லாதே.

பிரௌசிங் சென்டர்லயோ ஆபீஸ் கம்ப்யூட்டர்லயோ பார்த்தா இன்காக்னிட்டோல பாரு, முடிச்சதும் லாக்-அவுட் பண்ணு. உன் உடம்பு விஷயம் அடுத்து வந்து உட்கார்றவங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் செஞ்சும் ஓடலைன்னா, அந்தப் பக்கத்தோட சண்டை போட்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்காதே. வேற நல்ல வெப்சைட் பாரு. தமிழ்நாட்டுல இருந்தா 104-க்குப் போன் போட்டு மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

கடைசியா ஒண்ணு. வீடியோ பார்க்கும்போது பக்கத்துல ஒரு நோட்டு வச்சு, புரியாததை எழுதிக்கோ. அடுத்த தடவை டாக்டர்கிட்ட அந்த நோட்டைக் காட்டிக் கேளு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது மாதிரி எதுவும் வந்தா வெப்சைட்டைத் தேடிக்கிட்டு நிக்காதே, உடனே 108-ஐக் கூப்பிடு. வீடியோவை அப்புறம் பார்த்துக்கலாம்மா.