டிராக்டருக்குப் பெரிய பின் டயர்: முழுமையான வழிகாட்டி

ஈர மண்ணில் சக்கரம் வழுக்குகிறது, கலப்பை இழுக்கத் திணறுகிறது, பக்கத்து வயலில் அகலமான டயர் போட்ட வண்டி அலட்டிக்கொள்ளாமல் போகிறது. ஆசை வரத்தான் செய்யும். டூ வீல் டிரைவ் வண்டிக்கு இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், தேவைதானா?

வழுக்கலுக்குக் காரணம் பல வண்டிகளில் டயர் அளவே அல்ல. காற்று அதிகமாக இருக்கும், அல்லது பின்பக்கம் எடை போதாது. டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 கிலோ கூடும், செலவும் அதிகமில்லை. இதை முதலில் செய்து பார்ப்போம். தொழி உழவுக்கு மட்டும்தான் பிடிமானம் வேண்டுமென்றால், கேஜ் வீல் செய்யும் வேலையைப் பெரிய டயர் செய்யாது. டிப்பர் மட்டும் இழுக்கும் வண்டிக்கும் இந்தச் செலவு வீண்.

கனமான உழவு, ரோட்டவேட்டர், களிமண் என்று வருஷம் முழுக்க வேலை இருந்தால் மேலே படிப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

டயர் பக்கவாட்டில் 13.6-28 என்றிருந்தால், அகலம் சுமார் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். 40 முதல் 50 எச்.பி. வண்டிகள் பலவற்றில் இந்த அளவே வரும். அடுத்த படி 14.9-28, அதற்கும் மேலே 16.9-28. மூன்றுக்கும் 28 அங்குல ரிம்தான். ஆனால் ரிம்மின் அகலம் வேறு விஷயம். ரிம்மில் W12 என்று அச்சிட்டிருந்தால் 13.6, 14.9 இரண்டும் உட்காரும். W11 என்றால் 14.9 போடக் கூடாது. 16.9-க்கு இன்னும் அகலமான ரிம் வேண்டும், அதாவது தனிச் செலவு.

ஒரு படிக்கு மேல் ஏற வேண்டாம் என்பதே என் கருத்து. 13.6 டயரின் மொத்த உயரம் சுமார் 1310 மி.மீ., 14.9-க்கு 1365, 16.9-க்கு 1435. முதல் மாற்றத்தில் வண்டி அதே கியரில் 4 சதவீதம் வேகமாக ஓடும், அதே அளவு இழுவை குறையும். இரண்டாவதில் இது 10 சதவீதத்தை நெருங்கிவிடும். பி.டி.ஓ. சுழற்சி மாறாமல் வண்டி மட்டும் வேகமாகப் போவதால் ரோட்டவேட்டரில் கட்டி பெரிதாக விழும், கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். கூடுதல் பிடிமானத்தின் சுமை கியர்பாக்ஸ், ஆக்ஸில் மேல்தான் இறங்கும்.

அளந்து பார்ப்போம்

மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே மேலேயும் உள்பக்கமும் அளப்போம். 14.9 போட்டால் மேலே சுமார் 28 மி.மீ., உள்பக்கம் 16 மி.மீ. இடம் குறையும். களிமண் அப்பிக்கொண்டாலும் உரசாமல் இருக்க நான்கு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் டிஸ்க்கைத் திருப்பி மாட்டிச் சக்கரங்களை வெளியே தள்ளலாம். பருத்தி, கரும்பு போடுகிறவர்கள் பார் இடைவெளியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எவ்வளவு ஆகும்?

14.9-28 டயர் ஒன்று தோராயமாக 20,000 முதல் 30,000 ரூபாய். கம்பெனியையும் பிளை எண்ணையும் பொறுத்து மாறும். டியூப், மாட்டும் கூலி தனி. பழைய டியூப்பையே நுழைத்து மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் டியூப்புக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பில்லில் அதைப் பார்த்துக்கொள்வோம். பழைய ஜோடியில் பட்டன் மிச்சமிருந்தால் கடையிலேயே விலை பேசிக் கழிக்கலாம்.

மாட்டும் வரிசை

சமமான, இறுகிய தரையில் வண்டியை நிறுத்துவோம். ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். டயரில் தண்ணீர் இருந்தால் முதலில் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தை அசைக்கவே முடியாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஆக்ஸில் ஹவுசிங் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்குவோம். ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கம்.

டயரை ரிம்மில் ஏற்றும் வேலையைக் கடைக்காரரிடம் விடுவது நல்லது. ஆனால் பக்கத்தில் நிற்போம். ரிம்மின் துருவைச் சுரண்டச் சொல்வோம், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்வோம். காற்றை ஒருமுறை நிரப்பி, இறக்கி, மறுபடி நிரப்பினால் டியூப் மடிப்பில்லாமல் விரியும்.

பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். இடம் வலம் மாறினால் பட்டன்கள் சேற்றைத் தள்ளாமல் அள்ளி வைத்துக்கொள்ளும், போட்ட பணம் அத்தனையும் அந்தச் சேற்றோடு போயிற்று.

எச்சரிக்கை

விளிம்பு ரிம்மில் உட்காரவில்லையே என்று 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்ற விடக் கூடாது. டயர் வெடித்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. காற்று ஏறும்போது டயருக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் டயரை மட்டும் மாற்றவே கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் கணக்கான விகிதத்தில் சுழல்பவை. அது கெட்டால் முன் டயர் தேயும், முன் ஆக்ஸில் கியர் போகும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நம் மாடலுக்குக் கம்பெனியே 14.9 தருகிறதா என்று கையேட்டில் பார்ப்போம். தராவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். வாரண்டி பாக்கி இருந்தால் டீலரிடமும் ஒரு வார்த்தை.

மாட்டிய பிறகு

வயலில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. பெரும்பாலும் சரியாக இருக்கும், முடிவான அளவு டயர் கம்பெனியின் அட்டவணையில் உண்டு. சாலையில் சுமை இழுக்கும் நாளில் காற்றைக் கூட்டிக்கொள்வோம். ரோட்டவேட்டரை மாட்டி டாப் லிங்க் நீளத்தைச் சரிபார்ப்போம், பின்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, எல்லா நட்டுகளையும் எதிரெதிராக மீண்டும் இறுக்குவோம். அன்று மாலை வேலை முடிந்து வண்டியை நிறுத்தும் முன் இன்னொரு முறை.