சொன்னதும் சொல்லாததும்: தமிழில் சோவியத்துச் சிறார் இலக்கியம்

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை ஈன்ற இராயவரம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். சிறார் இலக்கியத்தின் அருமையறிந்த இம்மாவட்டத்தார்க்கு, மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியே மலிவு விலையில் வந்த சோவியத்துத் தமிழ் நூல்களும் புதியன அல்ல. அவற்றுள் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ என்னும் குறுநாவலை ஈண்டு நோக்குவோம்.

1962இல் வெளிவந்த இக்கதையின் களம், 1924ஆம் ஆண்டின் கிர்கிசியச் சிற்றூர். அங்கு வாழ்வோர் முஸ்லிம்கள். அரைகுறையாக எழுத்தறிந்த தூய்ஷேன் என்னும் இளைஞன் பாழடைந்த குதிரைக் கொட்டிலைப் பள்ளியாக்குகின்றான். குளிர்நீரோடையில் குழந்தைகளைச் சுமந்து கடக்கின்றான். கட்டாய மணத்திலிருந்து அல்தினாய் என்னும் அனாதைச் சிறுமியை மீட்டு நகருக்குப் படிக்க அனுப்புகின்றான். 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, மிதிவண்டியேறிச் சென்று எழுத்தறிவித்த பெண்களிடம் தூய்ஷேனின் சாயலைக் காணலாம்.

எனினும் கதை சொல்லாத செய்தி ஒன்றுண்டு. ஆசிரியரின் தந்தை தோரெகுல், ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் கைதாகி 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் புதையுண்ட இடம் 1991இலேயே தெரிய வந்தது. போலந்திலும் இந்நிலையே. 1940இல் சோவியத்துக் காவற்படை காத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்றது. பொதுவுடைமை அரசின் வரலாறு அப்பழியை ஜெர்மானியர்மீது சுமத்தியது. மாஸ்கோ உண்மையை ஒப்பியது 1990இல்தான்.

ஆதலின் இந்நூல்களை ஒதுக்கிவிடலாமோ? கூடாது. தூய்ஷேனின் அன்பு பொய்யன்று. மாணவச் செல்வங்களே! எந்நூலைக் கற்பினும், அது சொல்வதைச் சுவைப்போம். அதை அச்சிட்டோர் சொல்ல விடாதது யாதென்றும் கேட்போம்.