பழைய டிஜிட்டல் கேமராவுக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சிகளா, பீரோவுல கிடந்த குட்டி டிஜிட்டல் கேமராவை நிறைய பேர் திரும்ப வெளியே எடுக்கிறீங்க. சைபர்ஷாட், கூல்பிக்ஸ், பவர்ஷாட்னு எதுவா இருந்தாலும் புகார் ஒண்ணுதான்: "படம் ஆடிடுது", "கண்ணு சிவப்பா வருது", "சார்ஜே நிக்கலை". உடனே கேமரா போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. போன் தானா பண்ணிக்கிற பல வேலையை இதுல நாமதான் பண்ணணும். பழகிட்டா அருமையா கைகொடுக்கும்.

பட்டனைப் பாதி அமுக்குங்க

ஒரே அமுக்கா அமுக்கினா ஃபோகஸ் ஆக நேரம் கிடைக்காது. முதல்ல பாதி அமுக்குங்க. திரையில பச்சைக் கட்டம் வந்ததும், விரலை எடுக்காம மீதியை அமுக்குங்க. ஓடியாடுற குழந்தையா? அது வந்து நிக்கப்போற தூரத்துல இருக்கிற ஏதாவது ஒண்ணைப் பாதி அமுக்குல பிடிச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருங்க. குழந்தை வந்ததும் படம் உடனே விழும்.

ஃபிளாஷ் எட்டுற தூரம்

இந்தக் குட்டி ஃபிளாஷ் சுமார் 3 மீட்டர் வரைக்கும்தான் நல்லா எட்டும். ஆண்டு விழா மேடையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்கும்போது ஃபிளாஷ் போட்டா, முன்னாடி இருக்கிறவங்க தலைதான் பளிச்சுன்னு தெரியும். அதை அணைச்சுட்டு, முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சு எடுங்க. ஆனா ஜன்னலுக்கு முன்னாடி நிக்கிறவங்க முகம் இருட்டா வந்தா, பகல்லயும் ஃபிளாஷ் போடுங்க. முகம் தெளிவா வரும்.

சிவந்த கண்

இருட்டுல கண்ணோட பாப்பா விரிஞ்சிருக்கும். லென்ஸுக்குப் பக்கத்துலயே இருக்கிற ஃபிளாஷ் வெளிச்சம் உள்ளே போய், ரத்த ஓட்டம் நிறைஞ்ச விழித்திரையில பட்டுத் திரும்புறதாலதான் அந்தச் சிவப்பு. அறையில எல்லா லைட்டையும் போடுங்க. கேமராவுல கண் படம் போட்ட மோடு இருந்தா அதை வைங்க. முதல் வெளிச்சம் வந்ததும் நகர்ந்துடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நிஜப் படம் அதுக்கு அப்புறம்தான் விழும்.

ஜூம், பூ அடையாளம்

லென்ஸ் நகர்ந்து பண்ற ஆப்டிகல் ஜூம் மட்டும் போதும். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெருசாக்குறதுதான், அதனால மெனுவுல அணைச்சுடுங்க. ஜிமிக்கி, கோலப்புள்ளி மாதிரி கிட்டத்துல எடுக்கிறதுக்குப் பூ அடையாளம் இருக்கு. ஜூம் பண்ணாம அதை வெச்சு எடுங்க.

பேட்டரி, கார்டு

பென் பேட்டரி போடுற கேமராவுக்குச் சாதாரண செல் சீக்கிரம் தீர்ந்துடும். ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்குங்க. கேமராவை எடுத்து வைக்கும்போது செல்லைக் கழட்டிடுங்க, உள்ளேயே கசிஞ்சா கேமரா வீணாயிடும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தா தொடர்ந்து போடவே கூடாது.

புது கார்டு போட்டதும் "கார்டு எரர்" வருதா? பழைய மாடல் பலதும் 2 ஜிபி வரைக்குமான எஸ்டி கார்டைத்தான் படிக்கும். எது சேரும்னு கையேட்டுல பார்த்து வாங்குங்க. படங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தின பிறகு, கார்டைக் கேமராவுலயே ஃபார்மட் பண்ணுங்க.

மணலும் ஈரமும்

கடற்கரையில காத்தோட பறக்குற மணல் லென்ஸ் இடுக்குல புகுந்தா, லென்ஸ் வெளியே வராம மாட்டிக்கும். எடுக்காத நேரம் ஜிப் கவர்ல போட்டு வைங்க. மழைக்காலத்துல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல வெச்சா பூஞ்சை அவ்வளவு சுலபமா வராது.

பிரிண்ட் போடுங்க

"என் கேமரா 5 மெகாபிக்சல்தான்"னு வருத்தப்படாதீங்க. 4x6 அளவு பிரிண்ட் பளிச்சுன்னு வர சுமார் 2 மெகாபிக்சலே போதும். கார்டு நிறையுறதுக்குள்ள நல்ல படமாப் பொறுக்கி, ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்டு, படத்துல இருக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துடுங்க.